விழுந்தவரை விட்டு நகராத நாய்

திறந்த வெளி. ஒருவர் தன் நாயைக் கயிற்றில் பிடித்தபடி நடந்து வருகிறார். குறித்த இடம் வந்ததும் அவருக்கு மூச்சு வாங்குகிறது. இருமுகிறார், நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறார், அப்படியே சரிந்து விழுகிறார். கயிறு கையை விட்டு நழுவுகிறது. கொஞ்ச தூரத்தில் நாற்காலியில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார். விழுந்தவர் அசையவில்லை, உட்கார்ந்திருப்பவரும் எழுந்திருக்கவில்லை. இனி நடப்பதெல்லாம் நாயின் கையில்.

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் லண்டன் என்று ஒரு நகரம் உண்டு. அங்குள்ள வெஸ்டர்ன் ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டா மக்பெர்சனும் வில்லியம் ராபர்ட்ஸும் நடத்திய சோதனை இது. 2006இல் முடிவுகள் வெளிவந்தன. வளர்த்தவருக்கு ஆபத்து என்றால் நாய் இன்னொரு மனிதரைத் தேடிப் போய் உதவி கேட்குமா என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. நாய் வளர்ப்பவர் எவரும் யோசிக்காமல் ‘ஆமாம்’ என்று சொல்லிவிடுகிற கேள்வி. அதனாலேயே யாரோ ஒருவர் உட்கார்ந்து நிதானமாகச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டிய கேள்வியும்கூட. இந்த ஒரு சோதனையையும், அதற்கு அடுத்த பதினாறு ஆண்டுகளில் வேறு இடங்களில் நடந்தவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இங்கே பார்க்கிறேன். எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவமும் இடையில் வரும். நான் இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்ததே அதனால்தான்.

வயல்வெளியில் 12 நாய்கள்

முதல் சோதனையில் 12 நாய்கள். சில முறை நாற்காலியில் ஓர் ஆள், சில முறை இரண்டு ஆட்கள். கூட்டம் கூடினால் ‘வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்’ என்று மனிதர்கள் சும்மா நின்றுவிடுவதை உளவியலாளர்கள் 1960களின் கடைசியிலேயே காட்டியிருந்தார்கள். ஆள் எண்ணிக்கை நாயையும் பாதிக்குமா என்று பார்க்கத்தான் இந்த ஏற்பாடு.

எந்த நாயும் ஆளைக் கூப்பிடப் போகவில்லை. பல நாய்கள் விழுந்தவரிடம் வந்தன, முகர்ந்தன, முன்னங்காலால் தட்டின, மூக்கால் முட்டின. வேறு சில, கயிறு விட்டுப்போன சுதந்திரத்தில் புல்லை முகர்ந்துகொண்டு அக்கம்பக்கம் சுற்றின. குரைத்தவையே மிகக் குறைவு. நாற்காலியில் இருந்தவரைத் தொட்ட நாய் ஒன்றே ஒன்று. அது ஒரு குட்டி ரகப் பூடில். ஓடிப்போய் அவர் மடியில் ஏறியது, அங்கேயே வசதியாகப் படுத்துக்கொண்டது.

வெறுமனே கீழே விழுவது நாய்க்கு விளையாட்டாகவோ ஓய்வாகவோ தோன்றியிருக்கலாம் அல்லவா? அதனால் இரண்டாவது சோதனையில் சந்தேகத்துக்கு இடமில்லாத விபத்தைக் காட்டினார்கள். கட்டடத்துக்குள், பார்ட்டிகிள் போர்டில் செய்த புத்தக அலமாரி ஒன்று வளர்ப்பவர் மேல் சாய்கிறது. அவர் அதன் அடியில் மாட்டிக்கொண்டு வலியில் கத்துகிறார். உதவக்கூடிய ஆள் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். இந்த முறையும் ஒரு நாய்கூட அந்த ஆளைத் தேடிப் போய் உதவி கேட்கவில்லை.

நடந்தது அவசர நிலை என்பதும், அதற்கு இன்னொருவர் உதவி தேவை என்பதும் நாய்களுக்குப் புரியவில்லை என்று ஆய்வாளர்கள் முடித்தார்கள். கட்டுரை சொன்னது அவ்வளவுதான். வெளியே அது பரவியபோது ‘நாய்க்கு உங்கள் மேல் அக்கறையே கிடையாது’ என்ற அளவுக்குச் சிலர் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. புரியாமல் இருப்பது வேறு, கவலைப்படாமல் இருப்பது வேறு. அந்தச் சோதனையில் அளக்கப்பட்டது முதலாவது மட்டுமே.

எங்கள் கொல்லைப்புறத்தில்

மூன்று வருடத்துக்கு முன்பு அப்பா கொல்லைப்புறத்தில் துவைக்கிற கல் பக்கத்தில் வழுக்கி விழுந்தார். இடுப்பில் அடி, எழுந்திருக்க முடியவில்லை. வீட்டில் வேறு யாரும் இல்லை. கருப்பன் மட்டும் இருந்தான். சாதாரண நாட்டு நாய், அப்போது அவனுக்கு நான்கு வயது. முக்கால் மணி நேரம் கழித்துப் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, ஆட்டோக்கார அண்ணனைக் கூப்பிட்டு, இருவருமாகத் தூக்கினார்கள்.

அன்று சாயங்காலமே தெருவில் கதை ஒன்று உருவாகிவிட்டது. “கருப்பன் விடாம குரைச்சு ஊரைக் கூட்டியிருக்கான், இல்லன்னா அய்யா கதி என்ன ஆகியிருக்கும்?” என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் ஒரு வாரம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு அப்பாவிடம் நிதானமாகக் கேட்டேன். “அவன் எங்கடா குரைச்சான்? நான்தான் கத்திக்கிட்டே கிடந்தேன். அவன் வந்து மூஞ்சியை நக்கினான், சுத்திச் சுத்தி வந்தான், அப்புறம் என் முழங்கை மேல தலையை வெச்சுப் படுத்துட்டான். நடுங்கிட்டே இருந்தான்” என்றார். அக்காவும் யோசித்துவிட்டு, “உங்க அப்பா சத்தம்தான் தம்பி எனக்குக் கேட்டுச்சு. ஆள் வந்ததுக்கு அப்புறம்தான் அது குரைச்சுது” என்றார். ஆட்டோக்கார அண்ணன் தூக்கக் குனிந்தபோது பல்லைக் காட்டி உறுமி, பக்கத்தில் விடவில்லையாம். அக்கா பழைய சோற்றைக் காட்டி ஏமாற்றி அவனைக் கட்டிப்போட்ட பிறகுதான் தூக்க முடிந்திருக்கிறது.

ஒண்டாரியோ நாய்களைப் பற்றி வாசித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது அந்த முழங்கைதான். வந்தான், தொட்டான், கூடவே கிடந்தான், ஆளைத் தேடிப் போகவில்லை. எழுதிவைத்த மாதிரி அதே நடத்தை. கதை எப்படிப் பிறக்கிறது என்பதையும் அன்றுதான் கண்ணால் பார்த்தேன். நாய் ஆபத்தில் உதவியது என்று செய்தித்தாளில் வருவதெல்லாம் பொய் என்று நான் சொல்லவரவில்லை. பதற்றத்தில் ஒரு நாய் குரைக்கிறது, யாரோ வருகிறார்கள், ஓர் உயிர் பிழைக்கிறது. இது நிஜமாகவே நடக்கும். ஆனால் சத்தமில்லாமல் பக்கத்திலேயே படுத்துக் கிடந்த நாயைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதாது. நம் காதுக்கு வருவது ஒரு பக்கக் கணக்கு மட்டும்.

நடிப்பை நாய் கண்டுபிடித்துவிட்டதா?

ஒண்டாரியோ முடிவைக் கேட்டதும் நாய் வளர்ப்பவர்கள் சொல்லும் முதல் பதில் இது: “நடிக்கிறோம்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கும்.” இதை எளிதில் தள்ளிவிட முடியாது. நாயின் உலகம் பாதிக்கு மேல் மூக்கில் இருக்கிறது. உண்மையான மாரடைப்பில், உண்மையான பயத்தில், உடம்பு வேறு மாதிரி வியர்க்கும், மூச்சும் மாறும். நெஞ்சைப் பிடித்து நடிப்பவருக்கு அது வராது.

மூக்கின் சங்கதிக்குச் சோதனைச் சான்றும் உண்டு. இத்தாலியின் நேப்பிள்ஸில் பியாஜியோ தானியெல்லோ குழு 2018இல் வெளியிட்ட ஆய்வில், பயமூட்டும் காட்சிகளைப் பார்த்தவர்களின் அக்குள் வியர்வையும் மகிழ்ச்சியான காட்சிகளைப் பார்த்தவர்களின் வியர்வையும் நாய்களுக்கு முகரக் கிடைத்தன. லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் நாய்கள். பய வியர்வை காற்றில் இருந்தபோது அவற்றின் இதயம் வேகமாகத் துடித்தது, பதற்றக் குறிகள் கூடின, வளர்ப்பவரையே அவை நாடின. மகிழ்ச்சி வியர்வை இருந்தபோது அறையிலிருந்த அந்நியரிடம் அதிகம் பழகின. வியர்வை கொடுத்தவர் யாரும் அந்த அறையில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முகம் இல்லை, குரல் இல்லை, வாடை மட்டும்தான்.

அயர்லாந்துத் தீவின் பெல்ஃபாஸ்டில், குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் கிளாரா வில்சன் குழு 2022இல் இன்னும் நேரடியாகச் சோதித்தது. 9000இலிருந்து பதினேழு பதினேழாகக் குறைத்து வாய்விட்டு எண்ணச் சொல்லி 36 பேரைத் திணறடித்தார்கள். எண்ணுவதற்கு முன்னும் பின்னும் அவர்களின் வியர்வையையும் மூச்சையும் துணியில் பிடித்தார்கள். ட்ரியோ, ஃபிங்கல், சூட், வின்னி என்று நான்கு வீட்டு நாய்கள். ஒரே ஆளின் இரண்டு துணிகளில் எது பதற்றத்துக்குப் பின் எடுத்தது என்பதை அவை 100க்குக் கிட்டத்தட்ட 94 முறை சரியாகக் காட்டின.

ஆக, ஒண்டாரியோ வயல்வெளியில் நாய்க்கு வேண்டிய மிக முக்கியமான தகவலே கிடைக்காமல் போயிருக்கலாம். இந்தக் குறையை ஒப்புக்கொள்கிறேன். அப்படியும் இதை முழு விளக்கமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அப்பா நடிக்கவில்லையே. வலியும் பயமும் வியர்வையும் நிஜம். கருப்பன் நடுங்கியது அதனால்தான் என்று நம்புகிறேன். அப்படி இருந்தும் வேலியைத் தாண்டி அக்கா வீட்டுக்குப் போக அவனுக்குத் தோன்றவில்லை. பின்னால் வந்த ஆய்வுகளிலும் மனிதர்கள் நடிக்கத்தான் செய்தார்கள், நாய்கள் அதற்கு அசையத்தான் செய்தன. தடை வேறெங்கோ இருக்கிறது.

அழுகுரலும் காந்தக் கதவும்

இங்கிலாந்தின் லண்டனில், கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் டெபோரா கஸ்டன்ஸும் ஜெனிஃபர் மேயரும் 2012இல் 18 நாய்களை அவற்றின் சொந்த வீட்டிலேயே சோதித்தார்கள். வளர்ப்பவரும் ஓர் அந்நியரும் மாறி மாறி இருபது விநாடி பேசினார்கள், வாய்க்குள் முனகிப் பாடினார்கள், அழுவதுபோல் நடித்தார்கள். அழுகையின்போது 15 நாய்கள் அருகில் வந்தன, முனகலின்போது ஆறு மட்டுமே. என்னைத் தொட்ட விவரம் வேறு. அந்நியர் அழுதபோது நாய்கள் பயந்து வளர்ப்பவரிடம் ஒண்டியிருக்கலாம். ஆனால் அவை, அழுத அந்த அந்நியரிடமே போயின. தன் பயத்துக்கு ஆறுதல் தேடும் பிராணி அப்படிச் செய்யாது. ஆய்வாளர்கள் எச்சரிக்கையானவர்கள், இது பரிவுதான் என்று அடித்துச் சொல்லவில்லை. அழுத மனிதரிடம் போனபோது முன்பு கிடைத்த செல்லம் நினைவிருந்திருக்கலாம் என்ற வாய்ப்பையும் திறந்தே வைத்தார்கள்.

வருவது ஒன்று, வழியில் இருப்பதைத் தள்ளிக்கொண்டு வருவது இன்னொன்று. அமெரிக்காவில் எமிலி சான்ஃபோர்டு, ஜூலியா மேயர்ஸ்-மேனர் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வில் 34 நாய்கள். வளர்ப்பவர் கண்ணாடி போன்ற தெளிவான கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். கதவைக் காந்தம் பிடித்திருக்கும், நாய் முட்டினால் திறந்துவிடும். சிலர் அழுவதுபோல் சத்தமிட்டார்கள், சிலர் குழந்தைப் பாட்டு ஒன்றை முணுமுணுத்தார்கள். இரண்டிலும் ஏறக்குறையப் பாதி நாய்களே கதவைத் திறந்தன. அழுகையால், திறந்த நாய்களின் எண்ணிக்கை கூடவில்லை. ஆனால் வேகம் மாறிப்போனது. முணுமுணுப்புக்கு சராசரியாக ஒன்றரை நிமிடம் எடுத்த இடத்தில், அழுகுரலுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

திறக்காத நாய்களைப் பற்றிய பகுதிதான் என்னை உட்கார வைத்தது. அழுகையைக் கேட்டும் திறக்காமல் நின்றவைதான் அதிகப் பதற்றத்தில் இருந்தன. திறந்து உள்ளே போனவை ஒப்பீட்டில் அமைதியாக இருந்தன. அக்கறை இல்லாததால் நின்றுவிட்டது என்று நாம் முடிவு கட்டும் நாய், உள்ளுக்குள் உறைந்து போயிருக்கலாம். சாலை விபத்தைக் கண்டு கைகால் விளங்காமல் நின்றுபோன மனிதரை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்! அவரை யாரும் கல்நெஞ்சக்காரர் என்று சொல்வதில்லை. மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் நோயாளிகளுக்குத் துணையாக அழைத்துப் போகப்படும் பழக்கப்பட்ட நாய்களும் இந்த 34இல் இருந்தன. அவை மற்ற வீட்டு நாய்களைவிட அதிகம் திறக்கவில்லை.

பெட்டிக்குள் மனிதர், பெட்டிக்குள் தின்பண்டம்

இந்த வரிசையில் என் கணக்கில் மிகக் கூர்மையானது அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா வான் பூர்க், கிளைவ் வின் குழுவின் 2020 ஆய்வு. கூர்மை எங்கே இருக்கிறது என்றால், அவர்கள் சேர்த்த ஓர் ஒப்பீட்டில்.

பெரிய பெட்டி ஒன்று. நாய் ஒதுக்கித் தள்ளக்கூடிய இலேசான கதவு. வளர்ப்பவர் உள்ளே போய் “ஹெல்ப்! ஹெல்ப் மீ!” என்று பதறிக் கத்த வேண்டும். நாயின் பெயரைச் சொல்லக் கூடாது, சொன்னால் அது பழகிய கட்டளைக்குக் கீழ்ப்படிந்ததாகிவிடும். நம்பும்படியாகக் கத்த வளர்ப்பவர்களுக்குப் பயிற்சியும் கொடுத்திருந்தார்கள். 60 நாய்களில் 20 திறந்தன. மூன்றில் ஒன்று. இதோடு நிறுத்தியிருந்தால் ‘மூன்றில் இரண்டு நாய் கைவிட்டுவிடும்’ என்று தலைப்பு போட்டிருப்பார்கள்.

அவர்கள் அதே பெட்டிக்குள், நாயின் கண்ணெதிரே தின்பண்டத்தைப் போட்டும் பார்த்தார்கள். 60இல் 19தான் திறந்தன! தனக்குப் பிடித்த உணவுக்காகவும் அதே மூன்றில் ஒரு பங்கு நாய்கள்தான் திறந்தன. உணவின் மேல் ஆசை இல்லாமலா மற்ற நாய்கள் நின்றன? அந்தப் பெட்டியை எப்படித் திறப்பது என்று அவற்றுக்குத் தெரியவில்லை. உணவுக்காகத் திறக்கத் தெரிந்த அந்த 19 நாய்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், 16 நாய்கள் வளர்ப்பவரையும் மீட்டிருக்கின்றன. வழி தெரிந்த நாய்களில் நூற்றுக்கு 84.

மூன்றாவதாக, வளர்ப்பவர் உள்ளே உட்கார்ந்து அமைதியாகப் பத்திரிகை வாசித்தார். அப்போது 16 நாய்கள் திறந்தன. இதைச் சிலர் சின்ன வித்தியாசம் என்று ஒதுக்குவார்கள். பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசை மட்டுமே பல நாய்களைக் கதவைத் தள்ள வைக்கிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் உடல்மொழியைப் பாருங்கள். எட்டு நாய்கள் வளர்ப்பவர் கத்தியபோது ஈனஸ்வரத்தில் அழுதன. இதைத் தவிர அழுதது இன்னொரு நாய் மட்டும், அதுவும் தின்பண்டத்துக்காக. வாசிப்புச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தபோது நாய்கள் பழகிப்போய் இலகுவாயின. கத்தும் சோதனையில் எத்தனை முறை செய்தாலும் பதற்றம் குறையவில்லை. வளர்த்தவரின் கதறல் நாய்க்குப் பழகிப்போவதில்லை.

இந்த ஆய்வை வாசித்த பிறகு ஒண்டாரியோவை மறுபடி பார்த்தால், அங்கே நாயிடம் எதிர்பார்த்தது எவ்வளவு பெரிய வேலை என்பது தெரியும். முதலில், இது ஆபத்து என்று தெரிய வேண்டும். இதை என்னால் சரிசெய்ய முடியாது என்று தெரிய வேண்டும். அதோ அந்த மனிதரால் முடியும் என்று தெரிய வேண்டும். அவருக்கு இங்கே நடப்பது தெரியாது, நான் போய்த் தெரிவித்தால்தான் அவர் வருவார் என்றும் தெரிய வேண்டும். அலமாரி விழுந்த மனிதரின் கதறலில் இந்தக் கடைசி மூன்றும் இல்லை. பெட்டிக் கதவைத் தள்ளுவதற்கு அவை தேவையும் இல்லை; அதனால்தான் தெரிந்த நாய்கள் தள்ளின.

ஜெர்மனியின் லைப்சிக்கில் யூலியானே பிரோயர் குழு 2013இல் கண்டதும் இதற்கு ஒத்துப்போகிறது. ஓர் அறைக் கதவைத் திறக்கும் பொத்தானை அழுத்த நாய்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். மனிதருக்கு அந்த அறையில் இருக்கும் சாவி வேண்டும். அவருக்கு என்ன வேண்டும் என்பது, கை நீட்டிக் காட்டுவது போன்ற குறிப்புகளால் நாய்க்குத் தெளிவானபோது நாய் பொத்தானை அழுத்தி உதவியது. உதவும் எண்ணத்துக்குப் பஞ்சமில்லை, எதைச் செய்தால் உதவி என்பதில்தான் முடிச்சு.

மிரட்டும் ஆள் எதிரே நின்றால்

அடிபட்டுக் கிடப்பது ஒரு நிலை, யாரோ மிரட்டுவது வேறு நிலை. இரண்டாவதில் நாய் மேல் நமக்கு நம்பிக்கை இன்னும் அதிகம். புடாபெஸ்டில் மார்ட்டா கச்சி குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், அந்நியர் ஒருவர் மிரட்டும் பாவனையில் நாயை நோக்கி நடந்து வந்தார். வளர்ப்பவர் கூட இருந்தபோது நாயின் இதயத் துடிப்பு கூடிய அளவு, அவர் இல்லாதபோது கூடியதைவிடக் குறைவு. அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டால் குழந்தைக்கு வரும் தைரியம் போன்றது இது. நாய் நமக்குக் காவல் என்கிறோம். நாய்க்கு நாம் காவல் என்பதையும் இந்த ஆய்வு காட்டிவிடுகிறது. மிரட்டல் வரும்போது நாய் நம் பின்னால் ஒதுங்கினால் அதில் துரோகம் எதுவும் இல்லை.

கியோட்டோவில் ஹிதோமி சிஜீவா, கசுவோ புஜிதா குழு 2015இல் பார்த்தது இன்னும் நுட்பமானது. வளர்ப்பவர் ஒரு டப்பாவைத் திறக்க முடியாமல் சிரமப்படுகிறார். பக்கத்தில் இருப்பவரிடம் உதவி கேட்கிறார். ஒரு பிரிவில் அவர் உதவுகிறார், இன்னொரு பிரிவில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், மூன்றாவது பிரிவில் கேட்காமலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இந்தச் சங்கதியில் சம்பந்தமே இல்லாமல் இன்னொருவர் மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறார். முடிந்ததும் இருவரும் நாய்க்குத் தின்பண்டம் நீட்டுகிறார்கள். பிரிவுக்கு 18 வீதம் 54 நாய்கள். தன் ஆளுக்கு உதவ மறுத்தவர் கையிலிருந்து வாங்குவதை நாய்கள் தவிர்த்தன. இதில் நாய்க்கு லாபமோ நட்டமோ எதுவும் இல்லை, இரண்டு கையிலும் ஒரே தீனிதான். வளர்த்தவரை ஒருவர் எப்படி நடத்துகிறார் என்பது நாயின் கணக்கில் ஏறிவிடுகிறது.

பாய்ந்து கடித்துக் காப்பாற்றுவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜெர்மனியில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான ஷுட்ஸ்ஹுண்ட் என்ற காவல்நாய்ப் பயிற்சி முறையில், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற காவல் இன நாய்க்கே கனத்த கைக்கவசம் அணிந்த ஆளைப் பிடிக்கவும், சொன்னதும் விடவும் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த இனத்துக்கே பயிற்சி தேவை என்றால், வீட்டு நாய் சமயத்தில் தானாகக் கண்டுகொள்ளும் என்று நம்பி இருப்பது சரியில்லை. பயிற்சி இல்லாத நாயின் காவல் யார் மேலும் திரும்பலாம். ஆட்டோக்கார அண்ணன் தப்பித்தது அக்காவின் பழைய சோற்றால். மயங்கிக் கிடப்பவர் பக்கம் நாய் நின்றால், முதலுதவிக்கு வருபவருக்கு அதுவே தடை. கிடப்பவர் மேல் குனியும் அந்நியர் நாயின் கண்ணுக்கு உதவி செய்பவராகத் தெரியமாட்டார்.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கச் சண்டையிட்டு இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அவன் பக்கத்தில் அவன் நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்று பொறித்திருக்கிறார்கள். கள்ளனைக் கடித்துக் ‘காத்திருந்தவாறு’, அதாவது காவல் நின்றபடி, என்கிறது எழுத்து. கடித்ததைப் பாராட்டியவர்கள் அது காத்து நின்றதையும் விட்டுவிடாமல் கல்லில் வெட்டியதை நினைத்துக்கொள்கிறேன். ஆளை விட்டு நகராமல் நின்றதை அந்த ஊர் பார்த்திருக்கிறது, அதை ஒரு செயலாகவே எண்ணியிருக்கிறது.

கயிற்றில் கட்டிய மணி

உடல்நலம் குன்றியவர்களுக்குத் துணையாகப் பழக்கப்படும் நாய்கள் அலாரப் பொத்தானை அழுத்துகின்றன, தொலைபேசியை எடுத்து வந்து தருகின்றன, வீட்டில் இன்னொருவரைத் தேடிப்போய் இழுத்து வருகின்றன. ஒண்டாரியோ நாய்கள் செய்யாததை இவை செய்கின்றன. அக்கறையில் வித்தியாசம் இல்லை; ஆள் விழுந்தால் இதைச் செய் என்று இவற்றுக்கு நூறு முறை சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் ‘நாய் இருக்கிறதே’ என்று இருந்துவிடாமல், இதற்காக மெனக்கெட்டே ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நாங்களும் ஆரம்பித்தோம். கொல்லைக் கதவில் கோயில் மணி அளவுக்கு ஒரு மணியைக் கட்டி, அதிலிருந்து சணல் கயிற்றைத் தொங்கவிட்டோம். இழுத்தால் அக்கா வீட்டுக்குக் கேட்கும். முதல் இரண்டு வாரம் கயிற்றைத் தொட்டாலே கருப்பனுக்குக் கருவாட்டுத் துண்டு. பிறகு இழுத்தால் மட்டும். பிறகு “மணி அடி” என்ற சொல்லைச் சேர்த்தோம். அது பிடிபட ஒரு மாதம். பிறகு அப்பா தரையில் உட்கார்ந்தபடி சொன்னார், சாய்ந்தபடி சொன்னார். கருப்பன் ஓடிப் போய் அடித்துவிட்டு வாலாட்டிக்கொண்டு திரும்பி வருவான். அடித்ததும் அக்கா வேலியில் வந்து நிற்பதும், அவர் கையாலேயே ஒரு துண்டு கொடுப்பதும் பயிற்சியில் ஒரு பகுதி. ஆள் வருவது நல்ல விஷயம் என்று அவன் படிக்க வேண்டும், ஆட்டோக்கார அண்ணனையும் நாலைந்து முறை வரவழைத்தோம்.

இப்போது நிற்பது கடைசிப் படியில். அப்பா எதுவும் சொல்லாமல் அன்று விழுந்த மாதிரியே துவைக்கிற கல் பக்கத்தில் படுக்கிறார். கருப்பன் கயிற்றை ஒரு தடவை பார்க்கிறான், அப்பாவைப் பார்க்கிறான், வந்து முழங்கை மேல் தலையை வைத்துக்கொள்கிறான். “அடிடா” என்று மெல்லச் சொன்னால் எழுந்து போகிறான். சொல்லாமல் போனது இதுவரை இரண்டு முறை. அடித்துவிட்டு அக்காவுக்காக நிற்காமல், கருவாட்டையும் வாங்காமல், நேராகத் திரும்பி வந்து அதே முழங்கையில்தான் படுத்தான்.